பதினொரு தோட்டங்களைத் தோண்ட வேண்டாம்

அனுப்புநர்
நோரீன் ஹௌக்லண்ட் (வயது 66),
க/பெ. காலஞ்சென்ற ஆர்விட் ஹௌக்லண்ட்,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர் (ஓய்வு),
48, வடக்கு மேட்டுச் சாலை,
காஸ்கில் தீவு, வாஷிங்டன் மாநிலம்.

பெறுநர்
திரு. லெலண்ட் டிரிஸ்கோ அவர்கள்,
நிலச் சுகாதார அலுவலர்,
காஸ்கில் தீவு மாவட்ட அலுவலகம்.

பொருள்: என் கணவரின் மண் திருடுபோனதாக நானே கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல் – ஜூன் 9 அன்று அண்டை வீட்டார் பதினொருவரின் தோட்டங்களைத் தோண்டும் உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார், நாள் 28.04.2025.
2. தங்கள் அலுவலக உத்தரவு, நாள் 19.05.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை அடுத்தவர் மீது இருக்கும். இது என் மீதே நான் கொடுப்பது. ஏப்ரல் 28 அன்று நான் எழுதிக்கொடுத்த புகார் தவறானது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதன் பேரில் தாங்கள் எடுத்திருக்கும் நடவடிக்கையை நிறுத்தும்படி வேண்டுகிறேன். இருபத்தொன்பது ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். பக்கத்துக் கண்ணாடியில் கீறல் விழுந்தாலும் அறிக்கை எழுத வேண்டிய வேலை அது. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

1. முதலில் நன்றி. இந்தத் தீவில் சாலைப் பள்ளம் ஒன்றை மூடச் சொல்லி மனு கொடுத்தால், மூடுவதற்குள் அதில் தவளை குடும்பம் நடத்திவிடும். தாங்களோ என் புகாரை வாங்கி மூன்றே வாரத்தில் ஆய்வு செய்து, பதினொரு வீடுகளைக் கண்டுபிடித்து, பதினொரு வாசலிலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டீர்கள். இத்தனை வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையாகவே நன்றி சொல்கிறேன். வேகம் சற்றுக் குறைவாக இருந்திருந்தால் இந்த மனுவுக்கே வேலை இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

2. அத்துடன் ஒரு மன்னிப்பு. புகார் கொடுக்க வந்த அந்தத் திங்கட்கிழமை நான் அலுவலகம் திறப்பதற்கு இருபது நிமிடம் முன்பே வந்துவிட்டேன். வாசலில் இருக்கும் சிமென்ட் பூந்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தேன். அப்போது இருந்த கோபத்தில், அதில் புதிதாக நட்டிருந்த சிவப்பு ஜெரேனியத்தின் ஒரு கிளையை ஒடித்துவிட்டேன். அரசாங்கச் செடி. செய்தது தவறு.

3. என் கணவர் ஆர்விட் ஹௌக்லண்ட், படகு என்ஜின் பழுது பார்ப்பவர், இவ்வாண்டு ஜனவரி 19 அன்று மாரடைப்பால் காலமானார். கொல்லையில் தன்னுடைய உரக்குவியலைக் கிளறிக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். அந்தக் குவியலைத் தீவில் அறியாதவர் இல்லை. வீட்டில் ஒரு தேயிலைப் பையைக்கூட அப்படியே போட விடமாட்டார். அதிலுள்ள ஸ்டேப்ளர் கம்பி முள்ளைப் பிடுங்கிவிட்டுத்தான் போட வேண்டும். வாழைப்பழத் தோலில் ஒட்டியிருக்கும் கடைச் சீட்டையெல்லாம் உரித்து ஒரு பாட்டிலில் சேர்த்து வைப்பார். குப்பை லாரிக்கு எங்கள் வீட்டிலிருந்து போவது மாதத்துக்கு ஒரு சிறு பை. அதைக் கொடுக்கும்போதும் தோற்றுப்போனவர் போலத்தான் கொடுப்பார்.

ஆனால் அந்த உரத்தில் ஒரு கைப்பிடி யாருக்கும் தந்ததில்லை. கேட்டு வந்தவர்களிடம், "ஏன், உங்க வீட்டுல யாரும் முட்டை உடைக்கிறதில்லையா? காப்பி குடிக்கிறதில்லையா? நீங்களே போட்டு மக்க வெச்சுக்கங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார். கஞ்சன் என்று ஊரே சொன்னது. நானும் சொல்லியிருக்கிறேன்.

4. தன் உடலை மண்ணாக்க வேண்டும் என்பது அவர் எடுத்த முடிவு. நம் மாநிலத்தில் அதற்கு அனுமதி வந்த வாரமே செய்தித்தாளைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தார். "என்னைப் பெட்டியில போட்டுப் பூட்டாத. எரிச்சுப் புகையாவும் விட்றாத. மரத்தூள், வைக்கோல் போட்டு மக்க வை. பேரி மரத்தடியில கொட்டு. அவ்வளவுதான்" என்றார். "செத்த பிறகும் குப்பை கிளறணுமாய்யா உனக்கு?" என்றேன் நான். எனக்கு ஒரு கல் வேண்டும் என்றிருந்தது. பெயர் பொறித்த கல். ஞாயிற்றுக்கிழமை போய் நிற்பதற்கு ஓர் இடம். இதில் எங்களுக்குள் இரண்டு வருடம் சண்டை. முந்திக்கொண்டு செத்துப்போனதால் அவர் ஜெயித்தார்.

5. அக்கரையில், உடலை மண்ணாக்கித் தரும் நிலையத்துக்கு அவரைக் கொண்டுபோனோம். மரச்சீவலும் வைக்கோலும் குதிரைமசால் தழையும் பரப்பி, அவரை நடுவில் கிடத்தி, மேலேயும் அதையே போட்டு மூடினார்கள். கடைசிக் கைப்பிடி வைக்கோலை என்னைப் போடச் சொன்னார்கள். அதில் ஒரு ரப்பர் வளையம் கிடந்தது. எடுத்துவிட்டுத்தான் போட்டேன். இல்லாவிட்டால் எழுந்து வந்து சத்தம் போடுவார்.

பத்து நாள் கழித்து அந்த நிலையத்தில் வேலை செய்யும் பெண் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, கவலைப்படாதீங்க. அவரு நல்லா சூடாயிட்டாரு. நூத்தி நாப்பது டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுது" என்றார். குவியல் சூடானால்தான் உரம் சரியாக வரும். காலையில் காப்பிக்கு முன்பே தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடுபவர் என் கணவர். அவருக்கு அந்தச் செய்தியைச் சொல்ல முடியாமல் போயிற்றே என்று போனை வைத்துவிட்டு அழுதேன். அழும்போதே சிரிப்பும் வந்தது. அந்தப் பெண்ணுக்கும் இம்மனுவின் வழியாக நன்றி.

6. ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை மாலை, ஒரு பிக்கப் வண்டி நிறைய மண்ணாக அவர் வீடு திரும்பினார். கறுப்பாக, பொலபொலவென்று, மழைக்குப் பிறகு காட்டில் வரும் வாசனையோடு இருந்தது அந்த மண். எங்கள் வீட்டுப் பாதை செங்குத்தான சரளைக்கல் பாதை. மழையில் வண்டி ஏறவில்லை. ஆகவே சாலையோரத்தில், தபால் பெட்டிக்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்து இறக்கிவிட்டு, மேலே இன்னொரு தார்ப்பாயால் மூடினோம். மறுநாள் என் நாத்தனார் ஆஸ்ட்ரிட் படகில் வருவதாக ஏற்பாடு. அவர் வந்ததும் இருவருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோய்ப் பேரி மரத்தடியில் போடலாம் என்றிருந்தோம்.

7. சனிக்கிழமை காலை ஆறரைக்குப் படகுத்துறைக்குக் கிளம்பினேன். மூடுபனி. படகு தாமதம். பத்தரைக்கு நாத்தனாருடன் திரும்பி வந்து பார்த்தால், தபால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. ஐயா, ஒரு பிடிகூட இல்லை. இரண்டு தார்ப்பாயையும் விட்டுவைக்கவில்லை. நான் பாரத்துக்கு வைத்திருந்த கல் மட்டும் கிடந்தது. நாத்தனார் கறுப்புக் கோட்டும் கையில் பூவுமாக நின்று, "அண்ணன் எங்க?" என்று கேட்டார். பேருந்தில் முப்பது பிள்ளைகளை ஏற்றி ஒரு பிள்ளையையும் தொலைக்காதவள் நான். கட்டின புருஷனைத் தொலைத்துவிட்டு நின்றேன்.

8. அந்த நிலையில் எழுதியதுதான் 28ஆம் தேதிப் புகார். "கல்நெஞ்சக்காரர்கள்", "பிணந்தின்னிகள்" என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறேன். அந்தச் சொற்களை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அத்துடன், அந்தப் புகாரில் நான் எழுதாமல் விட்ட இரண்டு விஷயங்களை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஒன்று எனக்கு அன்றே தெரியும். மற்றொன்று பிறகுதான் தெரிந்தது.

9. தெரிந்தது இது. என் கணவரின் உடலை மண்ணாக்கக் கொடுத்ததை நான் தீவில் ஒருவரிடமும் சொல்லவில்லை. வெட்கப்பட்டேன். "சடங்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்" என்று மட்டும் பத்திரிகையில் போட்டேன். எல்லாரும் அக்கரையில் எரித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். நானும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

10. தெரியாதது பலகை. நம் தீவின் வழக்கம் தாங்கள் அறிந்ததே. வேண்டாத பொருளைச் சாலையோரம் வைத்து "இலவசம்" என்று எழுதிவிட்டால், போகிறவர் எடுத்துக்கொள்ளலாம். நாற்காலி, ஜாடி, கோழிக்கூண்டு, வசந்தத்தில் மிஞ்சிய மண், எதுவானாலும் சரி. கதவைத் தட்டி "எடுக்கட்டுமா?" என்று கேட்பவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்போம். என் கணவரும் ஒரு பலகை வைத்திருந்தார். உரத்துக்கு அல்ல, சுக்கினிக்காய்க்கு. ஆகஸ்டு வந்தால் ஒரு செடிக்கு நாற்பது காய் காய்க்கும், தீண்ட ஆளிருக்காது. அந்தப் பலகையில் சிவப்பு மையில், தன் கையெழுத்திலேயே அவர் எழுதியிருந்தது: "இலவசம். எடுத்துக்கொள். கதவைத் தட்டாதே."

வெள்ளிக்கிழமை மாலை காற்றில் தார்ப்பாய் படபடவென்று அடித்தது. தபால் பெட்டிக்கு அடியில் ஒரு பலகை குப்புறக் கிடந்தது. எடுத்துத் தார்ப்பாய் மேல் பாரமாக வைத்து, அதன் மேல் கல்லையும் வைத்தேன். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்க்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது, மூக்குக் கண்ணாடியும் போட்டிருக்கவில்லை. ஆக, ஐயா, என் கணவரை ஊருக்கு இலவசமாக வாரிக்கொடுத்தவள் நானேதான்.

11. இதை எனக்குக் கொண்டுவந்து காட்டியவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரரும் முன்னாள் மீனவருமான திரு. ஆன்டன் பெலிச். என் கணவரும் இவரும் பதினொரு ஆண்டுகளாகப் பேசியதில்லை. இவர் தன் உருளைக்கிழங்குப் பாத்தியில் சால்மன் மீன் தலைகளைப் புதைப்பார். ரக்கூன்கள் வந்து தோண்டிப்போட்டுக் கூத்தடிக்கும். என் கணவர் தங்கள் அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். கோப்பைத் தேடினால் கிடைக்கும். எங்கள் குடும்பத்துக்குப் புகார் எழுதும் பழக்கம் உண்டு என்பதை இதற்குள் தாங்கள் ஊகித்திருப்பீர்கள்.

தங்கள் நோட்டீஸ் ஒட்டப்பட்ட அன்று மாலை திரு. பெலிச், அன்று மண்ணோடு எடுத்துப் போன பலகையைத் தோளில் சுமந்துகொண்டு என் வாசலுக்கு வந்தார். "இந்தா, உன் பலகை. திருடன்னு எழுதிக் குடுத்திருக்கியாமே. எழுது, பரவால்ல. ஆனா இதைப் படிச்சுட்டு எழுது" என்றார். படித்தேன். அவர் நிறுத்தவில்லை. "ஹௌக்லண்ட் உரம் இலவசமாம்னு காலைல ஏழு மணிக்கே போன் மேல போன். முப்பது வருஷமா கண்ணால மட்டும் பாத்த உரம். எல்லாரும் கைவண்டியத் தள்ளிக்கிட்டு ஓடினோம். கதவைத் தட்டலாமான்னு யோசிச்சேன். தட்டாதேன்னு உன் புருஷனே எழுதி வெச்சிருக்கான். பதினோரு வருஷத்துல அவன் சொன்னத நான் கேட்டது இந்த ஒரு வாட்டிதான். அதுலயும் வம்பு!"

எத்தனை வண்டி எடுத்தீர்கள் என்று கேட்டேன். "நாலு" என்றார். எங்கே போட்டீர்கள் என்றேன். தொப்பியைத் திருகினார். "உருளைக்கிழங்குப் பாத்திலதான். மீன் தலைக்கு மேல." நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. திரு. பெலிச்சும் பக்கத்தில் உட்கார்ந்தார். "மண்ணு நல்லா இருந்துச்சு நோரீன். யாருன்னு தெரியாது. ஆனா கையில எடுத்ததுமே தெரிஞ்சுது, நல்ல மண்ணு" என்றார். பதினொரு ஆண்டில் என் கணவரைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

12. மறுநாள் கீழ்த்தெருவில் இருக்கும் செவிலியர் திருமதி ரெமி அபலோஸ் அழுதுகொண்டே வந்தார். "அக்கா, ரெண்டு வண்டி எடுத்துட்டேன்கா. சத்தியமா தெரியாது. கையுறைகூடப் போடாம வெறும் கையால பிசைஞ்சு தூவினேன்கா" என்றார். அவருடைய கண்ணாடிக் குடிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பாகற்கொடி என் இடுப்பளவு ஏறியிருந்தது. ரெமி தன் ஊர் நினைப்பில் ஒவ்வொரு ஆண்டும் பாகல் விதை போடுவார். இந்தக் குளிரில் அது முளைத்ததும் வெளுத்துச் செத்துப்போகும். "வராதும்மா, விட்ரு" என்று என் கணவர் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கேலி செய்வார். உரம் மட்டும் தரமாட்டார். இப்போது வந்திருக்கிறது. மஞ்சள் பூ நான்கு எண்ணினேன்.

"அக்கா, காய் வந்தா சாப்பிடலாமா, கூடாதா? மனசு ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டார். நிலையத்தார் மண்ணைச் சோதித்து, நோய்க்கிருமி இல்லை, கன உலோகம் இல்லை என்று கொடுத்த சான்றிதழை எடுத்துக் காட்டினேன் (நகல் இணைப்பில்). "தாராளமா சாப்பிடு. அவரே கொஞ்சம் கசப்புதான். உன் காய்க்கு ருசி கூடும்" என்றேன். இருவரும் அந்தக் குடிலுக்குள் நின்று விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு ரெமி என்னை உட்காரவைத்து, சோறும் பூண்டு போட்ட கோழியும் போட்டார். அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

13. மற்ற ஒன்பது வீடுகளைப் பற்றித் தனித்தனியே எழுதித் தங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. ஒருவர் ரோஜாவுக்குப் போட்டிருக்கிறார், ஒருவர் வெங்காயத்துக்கு. ஒரு தம்பதி, போன வருடம் செத்த தம் நாயின் மேல் நட்ட ஆப்பிள் கன்றுக்குப் போட்டிருக்கிறார்கள். என் கணவருக்கு அந்த நாயைப் பிடிக்கும். எல்லா வீட்டிலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். எல்லா வீட்டிலும் காப்பி. ஒருவர்கூட "எங்களைத் திருடர் என்றாயே" என்று கேட்கவில்லை. இரண்டு தார்ப்பாய்களும் மடித்துத் திரும்பி வந்துவிட்டன. ஜனவரியிலிருந்து நான் தபால் பெட்டியைத் தாண்டிப் போனது மிகக் குறைவு. இப்போது காலையில் கிளம்பினால் பதினொரு வாசலில் நின்று, அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு வர மதியம் ஆகிவிடுகிறது. போய் நிற்க ஓர் இடம் கேட்டவள் நான்.

14. இனி தங்கள் உத்தரவுக்கு வருகிறேன். நில உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் இறந்தவரின் மண் அவர்கள் நிலத்தில் இடப்பட்டுள்ளது என்றும், அது மீன் கழிவு முதலானவற்றுடன் கலந்துவிட்டதால் குடும்பத்தாரிடம் திருப்பித் தர இயலாது என்றும், ஆகவே ஜூன் 9 அன்று ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டி எடுத்து மாவட்டக் குப்பைக் கிடங்கில் மூடப்பட்ட குழியில் சேர்க்கப்படும் என்றும் அதில் கண்டுள்ளது. விதி அப்படித்தான் என்றால் தங்களை மீறச் சொல்லவில்லை. விதியை மீற நான் பேருந்தில்கூட யாரையும் அனுமதித்ததில்லை.

ஆனால் ஐயா, குப்பைக் கிடங்கு! தேயிலைப் பையின் கம்பி முள் அங்கே போகக் கூடாது என்று முப்பது வருடம் உயிரை விட்ட மனிதர். அவரையே அங்கே கொண்டுபோய்ப் பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றி, மூடி போட்டுப் புதைப்பதா? பெட்டியில் பூட்டாதே என்றுதானே கேட்டார்? இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் புகாரால்தான் அவருக்கு இந்தக் கதி என்றால் நான் யார் முகத்தில் விழிப்பேன்?

15. எனவே, உத்தரவில் உள்ள குறையை உத்தரவின் வழியிலேயே தீர்க்க முயன்றிருக்கிறேன். சம்மதப் படிவத்தைத் தங்கள் அலுவலகத்திலேயே வாங்கி, வீடு வீடாகக் கொண்டுபோனேன். பத்துப் பேர் வாசலிலேயே கையெழுத்திட்டார்கள். பதினொன்றாவதாக திரு. பெலிச்சிடம் போனேன். அவரிடம் இருப்பதுதான் அதிகம். அவர் முடியாது என்று சொன்னால் அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. படிவத்தை இரண்டு முறை படித்தார். "உயிரோட இருந்தப்ப என் வேலிக்குள்ள ஒரு கால் வெச்சதில்ல. இப்ப மொத்தமா வந்து படுத்துக்கிட்டான்" என்று முணுமுணுத்தார். பேனாவை வாங்கினார். "வந்தவனை வெளிய போடான்னு சொல்ற பழக்கம் எங்க வீட்டுல இல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதோடு நில்லாமல், "காரணம்" என்ற கட்டத்தில் "உருளை நன்றாக வந்திருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறார். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

16. மனுவை இதோடு முடித்துத் தபாலில் போட இருந்தேன். நேற்று மாலை இன்னொருவர் வந்தார். தங்கள் அலுவலகத்தின் பூச்செடிகளைப் பராமரிக்கும் ஊழியர். அவர் மீது நடவடிக்கை எடுக்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "அம்மா, அந்த லிஸ்ட்டுல நான் இல்ல. ஆனா நானும் எடுத்தேன். என் வீட்டுக்கு இல்லம்மா. ஆபீஸ் வாசல்ல ரெண்டு தொட்டி மண்ணு குறைஞ்சு கெடந்துச்சு. ரெண்டு வாளி அள்ளிட்டு வந்து ஞாயித்துக்கிழமையே போட்டு, செவப்பு ஜெரேனியம் வெச்சுட்டேன்" என்றார்.

ஐயா, திங்கட்கிழமை காலை எட்டு நாற்பதிலிருந்து ஒன்பது வரை நான் உட்கார்ந்திருந்தது அதில் ஒரு தொட்டியின் விளிம்பில்தான். யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு வாய்விட்டே கேட்டேன். "ஏய்யா, எங்கய்யா போய்த் தொலைஞ்ச?" என்று கேட்டேன். கேட்டு, சிமென்டை இரண்டு தட்டும் தட்டினேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறார்.

17. ஆகவே மாண்புமிகு அலுவலர் அவர்கள் கருணை கூர்ந்து, என் 28ஆம் தேதிப் புகாரை நான் திரும்பப் பெற்றதாகப் பதிவு செய்து, இணைப்பிலுள்ள சம்மதங்களை ஏற்று, தோண்டும் உத்தரவை ரத்து செய்து, என் கணவர் ஆர்விட் ஹௌக்லண்டை இருக்கும் இடங்களிலேயே இருக்க விடும்படி மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன். முடியாது, தோண்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஒன்பதாம் தேதி காலை முதல் மண்வெட்டியைத் தங்கள் வாசலிலிருந்தே தொடங்கச் சொல்லவும். நான் எட்டு நாற்பதுக்கு வந்து அதே இடத்தில் உட்கார்ந்திருப்பேன். வேண்டாம் என்று முடிவானாலும் வருவேன். நான் ஒடித்த கிளைக்குப் பக்கத்தில் புதுத் துளிர் விட்டிருப்பதாக அந்த ஊழியர் சொன்னார். அதைப் பார்க்க வேண்டும்.

தாங்கள் காட்டிய அக்கறைக்கு மறுபடியும் நன்றி. இனி இந்த வீட்டிலிருந்து புகார் எதுவும் வராது.

நாள்: 30.05.2025
இடம்: காஸ்கில் தீவு

தங்களுக்கு நன்றிக்கடன்பட்ட,
(ஒப்பம்)
நோரீன் ஹௌக்லண்ட்

இணைப்புகள்:
1. மண் பரிசோதனைச் சான்றிதழ் நகல்.
2. நில உரிமையாளர் சம்மதப் படிவங்கள், கையெழுத்துடன் – பதினொன்று.
3. நில உரிமையாளர் சம்மதப் படிவம், கையெழுத்து இல்லாமல் – ஒன்று. மாவட்ட அலுவலக வாசலில் உள்ள இரண்டு தொட்டிகளுக்கு. தாங்கள் ஒப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறியிட்டிருக்கிறேன்.